சுவரில் எழுதிய கை

வெள்ளையடித்த சுவரின் முன்னால் இன்று காலை வெறுமனே உட்கார்ந்திருந்தேன். சுண்ணாம்பு இல்லை, பெயின்ட்தான். ஆனாலும் வெள்ளையடிப்பது என்றே வாய் சொல்கிறது. இருபது வருடம் வாடகை வீடுகளில் கழிந்தது. ஆணி அடிக்கக் கூடாது என்பது சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரர்கள் சொல்லிவிடுகிற சொல். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணிகளில் எங்கள் காலண்டரும் சாமி படமும் தொங்கின. அப்பா போன பிறகு அவர் படத்தைக்கூட அலமாரிமேல் சாய்த்துத்தான் வைத்திருந்தோம். இப்போது சுவர் எங்களுடையது. எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன்.

பரண்மேல் ஓர் அட்டைக் குழாய் இருக்கிறது. மூன்று ஓவியங்கள் பல வருடங்களாக அதற்குள் சுருண்டு கிடந்தன. மிதிலையிலிருந்து ஒன்று, வார்லி ஒன்று, மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மரம் ஒன்று. பிடித்திருந்தது, வாங்கினேன், வேறு காரணம் இல்லை. தரையில் விரித்து, சுருளாமல் இருக்க நான்கு மூலையிலும் தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். பார்த்துக்கொண்டே இருக்கையில் தோன்றியது: மூன்றுமே சுவரிலிருந்து இறங்கி வந்தவை. காகிதம் இவற்றுக்கு நேற்று வந்த இடம். மறுபடி ஒரு சுவரில் ஏற்றப் போகிறேன். எந்தச் சுவரிலிருந்து இறங்கின, ஏன் இறங்கின என்று தெரிந்துகொள்ளாமல் ஏற்ற மனம் வரவில்லை.

*

மிதிலைப் படத்தின் நடுவில் ஒரு தண்டு செங்குத்தாக ஏறுகிறது. அதைச் சுற்றி வட்ட வட்டமாகத் தாமரை இலைகள். பக்கத்தில் கணுக்கணுவாக மூங்கில். இலைகளுக்கு நடுவே கிளி, மீன், ஆமை, பாம்பு. மேலே சூரியனும் சந்திரனும். கீழே ஒரு பெண் கௌரிக்குப் பூஜை செய்கிறாள். விரல் நுழையக்கூட இடமில்லாமல் நிரப்பியிருக்கிறார்கள். எல்லைக்கோடு இரட்டைக்கோடு; இரண்டு கோட்டுக்கும் நடுவில் மெல்லிய குறுக்குக் கோடுகள், எறும்பு போன தடம் மாதிரி.

இதற்குக் கோஹ்பர் என்று பெயர். பீகாரின் மதுபனி, தர்பங்கா பக்கத்தில் கல்யாணத்துக்கென ஒதுக்கும் உள்ளறைக்கும் அதே பெயர்தான். மணமக்கள் முதல் நான்கு இரவுகள் தங்குவது பெண் வீட்டின் அந்த அறையில். சுவரில் எழுதுகிறவர்கள் வீட்டுப் பெண்களும் அண்டை வீட்டுப் பெண்களும். மூத்தவர் கோடு இழுப்பார், சின்னவர்கள் நிறம் நிரப்புவார்கள். தாமரை பெண்ணைக் குறிக்கும். மூங்கில் ஆணையும் அவன் வம்சத்தையும் குறிக்கும். அறையின் நான்கு மூலைகளிலும் நைனா ஜோகின் என்னும் பெண்ணுருவத்தை எழுதுவார்கள். புதுமணத் தம்பதிக்குக் கண்பட்டுவிடக் கூடாது. நம் ஊரில் கல்யாணம் முடிந்ததும் ஆரத்தி சுற்றிக் கொட்டுவதும் இதே கவலையால்தான்.

வெளியார் நுழையாத அறை அது. அதனால்தான் வெகுகாலம் வெளியுலகுக்கு அதைப் பற்றித் தெரியவில்லை. 1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம். அப்போது மதுபனியில் அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஜி. ஆர்ச்சர், இடிந்த வீடுகளைப் பார்வையிடப் போனவர், வெளிச்சுவர் விழுந்து திறந்து கிடந்த உள்சுவர்களில் இந்த ஓவியங்களைக் கண்டார். 1949-இல் 'மார்க்' இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். மிதிலை ஓவியம் வெளியுலகுக்குத் தெரிய வந்த கதை இப்படித்தான் தொடங்குகிறது.

இந்த இடத்தை என்னால் சட்டென்று கடந்துபோக முடியவில்லை. ஒரு வீடு தன் உள்ளறையில் தனக்கென்று வைத்திருந்தது வெளியே தெரிந்தது, அந்த வீடு விழுந்ததால். இப்போது உலகம் முழுக்க ஹால்களில் தொங்குகிற ஒவ்வொரு மதுபனிப் படத்துக்குப் பின்னாலும் அந்த இடிந்த சுவர் இருக்கிறது.

அது சுவரை விட்டு இறங்கியதும் ஒரு துயரத்தில்தான். 1966, 67-இல் பீகாரில் கடும் வறட்சி. அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் பொறுப்பில் இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மிதிலைக்கு அனுப்பினார். அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். சுவரில் எழுதுவதைக் காகிதத்தில் எழுதித் தாருங்கள், காசு தருகிறோம் என்று கேட்டார். அதுவரை விற்பனைக்கென்று ஒரு கோடும் இழுத்திராத பெண்கள், வீட்டில் உலை வைக்க வேண்டி எழுதினார்கள். பின்னாளில் அவர்களுக்குப் பெருமை வந்தது. 1975-இல் ஜகதம்பா தேவிக்கும், 1981-இல் சீதா தேவிக்கும், 1984-இல் கங்கா தேவிக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் முதல் காகிதம் பஞ்சத்தின் காகிதம்.

கோஹ்பரை ஹாலில் மாட்டப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வருகிறவர்கள் மெச்சுவார்கள் என்பது தெரியும். அது உள்ளறைக்குரியது, உள்ளேயே இருக்கட்டும். படுக்கையறையில் ஜன்னலுக்கு எதிரே இல்லாமல், பக்கவாட்டுச் சுவரில்.

*

மிதிலைப் பெண்கள் கோஹ்பரை 'வரைகிறோம்' என்று சொல்வதில்லையாம். 'எழுதுகிறோம்' என்றுதான் சொல்வார்கள். இதைப் படித்த நாள் முழுக்க இந்த ஒரு வினைச்சொல்லே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நமக்கும் அது அப்படித்தான் இருந்தது. பழந்தமிழில் ஓவியத்தை எழுதினார்கள். கண்ணுக்கு மை எழுதினார்கள். தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதினார்கள். நீலகிரியில் குறும்பர் ஊரான வெள்ளரிக்கொம்பைப் பக்கம் பழைய பாறை ஓவியங்கள் உள்ள இடத்துக்கு எழுத்துப்பாறை என்று பெயர், அங்கிருப்பவை உருவங்கள். உருவமும் எழுத்தும் ஒரே செயலாக இருந்த காலத்துச் சொல் அந்தப் பெயரில் இன்னும் தங்கியிருக்கிறது. எப்போதோ நாம் எழுதுவதைத் தனியாகவும் வரைவதைத் தனியாகவும் பிரித்துவிட்டோம். பிரித்த பிறகு படம் பார்ப்பதற்கு மட்டும் என்றாகிவிட்டது.

எழுதியது என்றால் வாசிக்க வேண்டும். யாரோ எழுதியிருக்க வேண்டும், யாருக்கோ எழுதியிருக்க வேண்டும். சுவரில் ஒரு படத்தை மாட்டுவதும் ஒரு கடிதத்தைப் பிரித்து வைப்பதும் எனக்கு இப்போது பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

*

வாசிப்பது என்றதும் பிதோரோ நினைவுக்கு வருகிறது.

குஜராத்தில் சோட்டா உதேபூர் வட்டாரத்து ராட்வா மக்களின் சுவரோவியம் அது. வீட்டில் தீராத நோய், மாடு சாகிறது, விளைச்சல் பொய்க்கிறது என்றால் குடும்பத் தலைவர் பட்வோ என்னும் பூசாரியிடம் போவார். பிதோரோ எழுதுவதாக நேர்ந்துகொள்வார். குறை நீங்கிய பிறகு, கையில் வசதி சேர்ந்த பிறகு, அந்த நேர்த்திக்கடனைத் தீர்ப்பார். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வருடங்கள் கழித்துத் தீச்சட்டி எடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

திண்ணையை ஒட்டிய பெரிய சுவரைச் சாணம் மெழுகி, வெள்ளை பூசித் தயாராக்குவது கல்யாணமாகாத பெண்கள். எழுதுவது ஆண்கள், அவர்களுக்கு லகாரா என்று பெயர், எழுதுகிறவர் என்று பொருள். நிறப்பொடியைப் பாலிலும் இலுப்பைப்பூச் சாராயத்திலும் குழைப்பார்கள். வரிசை வரிசையாகக் குதிரைகள் வரும். தெய்வங்களும் முன்னோரும் ஏறிவரும் குதிரைகள். கூடவே சூரியன், சந்திரன், ஏர் உழுபவன், கிணறு, பனையேறி. ஊரில் உள்ளதெல்லாம் சுவரில் ஏறும்.

அதன் பிறகு நடப்பதுதான் என்னை நிறுத்தி வைக்கிறது. ஓவியர் முடித்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்துவிடாது. பட்வோ அருள் வந்த நிலையில் சுவர் முன் நின்று ஒவ்வொரு உருவமாக அடையாளம் சொல்வார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுதிச் சேர்க்க வேண்டும். முழுவதையும் வாசித்து, சரி என்று ஆன பிறகே அது பிதோரோ.

பிதோரோக் குதிரைகளை இப்போது துணியிலும் காகிதத்திலும் எழுதி விற்கிறார்கள். பரேஷ் ராட்வாவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எழுதுகிறவர்களின் பிழைப்பு அது, வாங்குவதில் தவறில்லை, வாங்கத்தான் வேண்டும். ஆனால் வாங்கியது குதிரைப் படம். நேர்த்திக்கடன் அந்த வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரிந்தவர் வீட்டில் அந்தக் குதிரைகள் நன்றாக நிற்கும்.

*

படத்துக்கு இடம் பார்ப்பது பெண்ணுக்கு இடம் பார்ப்பது மாதிரி என்று அம்மா சொல்கிறாள். ஒரு வாரமாகச் சுவர்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

கிழக்குச் சுவரில் மூன்று மணிக்கு மேல் ஜன்னல் வெயில் நேராக விழுகிறது. பூவிலிருந்தும் இலையிலிருந்தும் எடுத்த நிறம் அங்கே நிற்காது; முதலில் மஞ்சள் போகும். கழிவறைக் குழாய் ஓடும் சுவரில் ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறுகிறது. கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கிறது. அங்கே மாட்டினால் காகிதத்தில் பழுப்புப் புள்ளி விழும். சமையலறைக்கு எதிர்ச்சுவரில் தாளிக்கிற எண்ணெய்ப் புகை. மிச்சம் இருப்பவை இரண்டு சுவர்கள். மூன்று படத்துக்கு அது போதும்.

ராமபாணப் பூச்சிக்கும் கஞ்சிப் பசைக்கும் உள்ள உறவு பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். படத்தை அட்டையில் பசை போட்டு ஒட்டவே கூடாது. ஒட்டினால் பிறகு பிரிக்கவும் முடியாது. கண்ணாடி காகிதத்தைத் தொடாமல் இருக்க நடுவில் மவுண்ட் அட்டை வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் நிறம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு, சட்டம் போடும் கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

*

கோஹ்பர் படம் வந்தது. ஒல்லியான தேக்குச் சட்டம், வெள்ளை மவுண்ட். மாட்டினோம். அழகாக இருந்தது. மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கீழே வலது ஓரத்தில் இருந்த பெயரைக் காணோம்.

கைவினைக் கண்காட்சி ஒன்றில் அந்தப் படத்தை எழுதியவரிடமே வாங்கியது. ஐம்பதைத் தாண்டிய அம்மாள். கடைக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து, முள்பேனாவை மசியில் தொட்டு இன்னொரு படத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் இதைக் காட்டியதும் வேலையை நிறுத்தினார். படத்தை மடியில் வைத்து, அதே பேனாவால் தன் பெயரையும் ஊரையும் எழுதினார். எழுதும்போது உதடு அசைந்தது. எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். கோட்டில் இருந்த வேகம் பெயரில் இல்லை. கோஹ்பரின் அவ்வளவு மெல்லிய கோடுகளைக் கண்மூடித் திறப்பதற்குள் இழுக்கிற கை, பெயருக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. சின்ன வயதில் பிராத்மிக் பரீட்சைக்குப் படித்த இந்தியை வைத்து நான் அந்தப் பெயரை வாசித்துக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது.

மவுண்ட் அட்டை அந்தப் பெயரை மூடிவிட்டது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "ஓரத்துல ஏதோ கிறுக்கி இருந்துச்சும்மா, டிசைன் கெட்டுப்போவுதேன்னு உள்ள தள்ளிட்டேன்" என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருக்கிறார். டிசைன் என்று பார்க்கிற கண்ணுக்குப் பெயர் அழுக்குதானே. "அது எழுதுனவங்க பேரு அண்ணே" என்றேன். அவர் ஒரு நிமிடம் படத்தையே பார்த்தார். "அப்ப வெட்டாம விட்டேனே, நல்லதாப் போச்சு" என்றார். நிஜமாகவே நல்லதாகப் போயிற்று.

*

பெயர் என்பது இந்தக் கலைகளுக்குப் புதிது. சுவரில் எழுதியபோது யாரும் பெயர் போடவில்லை. வீட்டிலுள்ள எல்லோருக்கும் யார் எழுதியது என்று தெரியும், போட வேண்டிய தேவை இல்லை. வெளியூர்ச் சுவருக்குப் போன பிறகுதான் பெயர் தேவைப்படுகிறது.

என் கோண்டு மரத்தை எழுதியவர் பாட்டன்கட் ஊர்க்காரர். அந்த ஊரிலிருந்துதான் ஜன்கர் சிங் ஷ்யாம் வந்தார். பர்தான் இனத்தவர், கோண்டு குடும்பங்களுக்கு வம்சக் கதை பாடுவது அந்த இனத்தின் தொழில். 1980-களின் தொடக்கத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் போபாலில் பாரத் பவனின் காட்சிக்கூடத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அந்த இளைஞனின் சுவர்ச் சித்திரங்கள் அவர் கவனத்துக்கு வந்தன. ஜன்கர் போபால் போனார். பாட்டாக இருந்த தெய்வங்களுக்குப் புள்ளியாலும் கோட்டாலும் உருவம் கொடுத்தார். 2001-இல் ஜப்பானில், வேலைக்காகப் போன இடத்தில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்களின் பாணியை ஜன்கர் கலம் என்று அவர் பெயராலேயே சொல்கிறார்கள். அவருடைய உறவினர் பஜ்ஜு ஷ்யாமின் புத்தகங்களைச் சென்னையில் தாரா பதிப்பகம் வெளியிட்டிருக்கிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் சுவரில் மாட்டுவதைவிட மடியில் வைத்துப் புரட்டுவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

*

ஜார்க்கண்டின் ஹசாரிபாக் பகுதியில் மழைக்காலம் முடிந்ததும் பெண்கள் மண்சுவரைப் புதிதாகப் பூசுகிறார்கள். தீபாவளிக்கு மறுநாள் வரும் சோஹ்ராய், மாடுகளுக்கான திருநாள். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், வெள்ளை மண்ணால் சுவரில் விலங்குகளை எழுதுகிறார்கள். கல்யாண காலத்தில் எழுதுவதற்குக் கோவர் என்று பெயர். மிதிலையின் கோஹ்பரும் இதுவும் ஒரே குடும்பத்துச் சொல்.

கோவர் எழுதும் முறையைச் சொல்ல வேண்டும். முதலில் சுவரில் கறுப்பு மண்ணைப் பூசிக் காயவிடுகிறார்கள். அதன்மேல் வெள்ளை மண்ணைக் கரைத்துப் பூசுகிறார்கள். அந்த வெள்ளை காய்வதற்குள் தலைவாரும் சீப்பின் துண்டாலோ விரலாலோ கீறுகிறார்கள். கீறிய இடமெல்லாம் அடியிலிருக்கும் கறுப்பு கோடாக மேலே வருகிறது. யானை வருகிறது, மயில் வருகிறது. ஈரம் இருக்கிறவரைதான் நேரம். யோசிக்க இடமில்லை. அழித்துத் திருத்தவும் இடமில்லை.

அடுத்த மழை அதைக் கரைக்கும். அடுத்த வருடம் அதன்மேல் புது மண் ஏறும். அதே பெண், அல்லது அவள் மகள், மறுபடி எழுதுவாள். யாரும் வருந்துவதில்லை.

டெல்லியில் தேசியக் கைவினை அருங்காட்சியகத்தில் கங்கா தேவி ஒரு கோஹ்பர் அறையை எழுதினார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நாட்களில் எழுதியது. 1991-இல் அவர் காலமானார். பின்னாளில் புதுப்பிக்கும் வேலையில் அந்தச் சுவர்கள் அழிக்கப்பட்டன. அதற்குப் பலர் வருந்தினார்கள், எனக்கும் அதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது.

ஒரு சுவர் அழிந்ததற்கு வருத்தமில்லை, இன்னொரு சுவர் அழிந்ததற்கு இத்தனை வருத்தம். இரண்டையும் சேர்த்து வைத்து வெகுநேரம் யோசித்தேன். ஹசாரிபாக்கில் சுவர் போனாலும் கை இருக்கிறது. டெல்லியில் கை போய்விட்டது, சுவர் மட்டும்தான் இருந்தது, அதுவும் போயிற்று.

என் வீட்டில் இருப்பதும் கை இல்லாத காகிதம்தான். அதனால்தான் இவ்வளவு பத்திரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

*

அடுக்குமாடிக் குடியிருப்பின் மதில் முழுக்க வார்லி உருவங்களை ஸ்டென்சில் வைத்து அடித்திருக்கிறார்கள். காப்பிக் கோப்பையில், தலையணை உறையில், ஓட்டல் கழிவறைக் கதவில் எல்லாம் அந்த முக்கோண மனிதர்கள். இரண்டு முக்கோணத்தை முனையோடு முனை சேர்த்தால் ஓர் ஆள் ஆகிவிடுகிறான், அவ்வளவு சுலபம் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டார்கள்.

மகாராஷ்டிரத்தின் தஹாணு பக்கத்து வார்லி மக்கள் வீட்டில் அதன் மையம் ஒரு சதுரம். லக்ன சௌக் என்று பெயர். கல்யாணத்துக்கு முன் சுமங்கலிப் பெண்கள் கூடி, காவி பூசிய சுவரில் அரிசி மாவைக் கரைத்து எழுதுகிறார்கள். தூரிகை, நுனியை மென்று நாராக்கிய மூங்கில் குச்சி. சதுரத்துக்குள் பாலகாட் தெய்வம் நிற்கிறாள். அவளை எழுதாமல் கல்யாணம் இல்லை. அவளைச் சுற்றித்தான் அந்த முக்கோண மனிதர்கள் ஆடுகிறார்கள், உழுகிறார்கள், தார்ப்பா என்னும் குழலை ஊதுகிறவனைச் சுற்றிச் சுருளாக நிற்கிறார்கள். மதிலிலும் கோப்பையிலும் அவள் இல்லை. சுற்றி நின்றவர்கள் மட்டும் வந்துவிட்டார்கள்.

பெண்கள் சடங்குக்காக மட்டும் எழுதிவந்ததை, 1970-களில் ஜிவ்யா சோமா மஷே என்ற ஆண் அன்றாடம் எழுதத் தொடங்கினார். அவரைக் கண்டறிந்தவர்களிலும் பாஸ்கர் குல்கர்னி இருக்கிறார், மிதிலைக்குக் காகிதம் கொண்டுபோன அதே மனிதர். மஷேக்கு 2011-இல் பத்மஸ்ரீ, 2018-இல் மறைந்தார். வெள்ளை ஒன்றையே வைத்துக்கொண்டு அவர் மீன்வலையை எழுதியிருப்பதைப் பாருங்கள். கண்ணி கண்ணியாக வலை முழுவதும் காற்றில் விரிந்து நிற்கும்.

*

ராஜஸ்தானில் பட் என்று ஒரு நீளத் துணியோவியம். பாபூஜி என்னும் நாட்டார் தெய்வத்தின் கதை முழுவதும் அதில் இருக்கும். போபா என்னும் பாடகரும் அவர் மனைவியும் இரவில் அதை விரித்து, விளக்கைப் பிடித்துக் காட்டிப் பாடுகிறார்கள். ஓவியர் எல்லாவற்றையும் எழுதி முடித்து, தெய்வத்தின் கண்ணைக் கடைசியில் எழுதுவார். கண் எழுதிய பின் அது துணி அல்ல, கோயில். நம் சிற்பிகள் கண் திறப்பதும் கடைசியில்தான்.

துணி நைந்து போனால் என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். குப்பையில் போடுவதில்லை. பூஜை செய்து, புஷ்கர் ஏரியில் விடுகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர், குளிர்வித்தல்.

எங்கள் வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "வெளக்கக் குளிர வை" என்பாள் அம்மா. பூ நுனியால் திரியை மெல்ல உள்ளே இழுப்பாள். எரிந்தது குளிர்கிறது, அவ்வளவுதான், அணைவதில்லை. ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பாடகன் தன் நைந்த துணிக்கு அதே வினையைச் சொல்கிறான் என்று அம்மாவிடம் சொன்னேன். "பின்ன வேற எப்டிச் சொல்லுவாங்க?" என்றாள்.

*

மார்கழி பிறந்துவிட்டது. ஊறவைத்த பச்சரிசியை அம்மா அம்மியில் அரைக்க வேண்டும் என்றாள். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிவிடுமாம். அம்மி இல்லை, மிக்ஸிதான். கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி நிறுத்தி அரைத்தேன். சின்னத் துணியை மாவில் தோய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மோதிர விரல் வழியாக மாவை வழியவிட்டாள். எழுபத்தெட்டு வயது. கை நடுங்குகிறது. மாவு விரல் நுனிக்கு வந்ததும் நடுக்கம் நின்றுவிடுகிறது. ஈரமாக இருக்கும்போது கோடு தெரியவே தெரியாது. காயக் காய வெள்ளையாக எழுந்து வரும். வார்லிச் சுவரிலும் மிதிலையின் அரிபன் தரையிலும் இதே அரிசி மாவுதான், இதே காத்திருப்புதான்.

கோகுலாஷ்டமிக்கு அவள் வைக்கும் கண்ணன் பாதங்களை நான் ஒரு தடவைகூடப் படம் எடுத்து வைத்ததில்லை. கை முஷ்டியை மாவில் தோய்த்துத் தரையில் ஓர் ஒற்று, அதன்மேல் விரல் நுனியால் ஐந்து புள்ளி. வாசலிலிருந்து பூஜை அறைவரை ஒரு குழந்தை நடந்து வந்துவிடும். மறுநாள் மாப்பு போட்டால் போய்விடும். இத்தனை ஊர்ச் சுவர்களைப் பற்றித் தேடித்தேடிப் படித்த பிறகுதான், நான் பிறந்ததிலிருந்து ஒரு ஓவியர் வீட்டில் வளர்ந்திருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. சுவரில் மாட்டுவதற்கு அவள் எழுதியது ஒன்றுமில்லை. ஹாலில் இன்னொரு படம் வாங்கி மாட்ட ஒதுக்கியிருந்த இடத்துக்கு நேர்கீழே, தரையில், இன்று மாக்கோலம் காய்ந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தில் வேறு எதுவும் மாட்டப் போவதில்லை.

*

சட்டம் போடும் கடையிலிருந்து படம் திரும்ப வந்தது. மவுண்ட்டின் கீழ் ஓரத்தை அரை அங்குலம் இறக்கி வெட்டியிருக்கிறார். பெயர் தெரிகிறது. கூலி வாங்க மாட்டேன் என்றார், கொடுத்துவிட்டு வந்தேன்.

மாட்டுவதற்கு முன் பின்னட்டையில் பென்சிலால் எழுதினேன். எழுதியவர் பெயர், ஊர், வாங்கிய வருடம். கீழே, 'கோஹ்பர், கல்யாண அறைக்கு எழுதுவது' என்று தமிழில். எனக்குப் பிறகு யார் கைக்குப் போகிறதோ அவர்களுக்கு. கோண்டு மரத்துக்கும் அப்படியே எழுதினேன்.

வார்லிப் படத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ஏதோ ஓர் ஊரில் கடையில் வாங்கியது. படத்தில் பெயர் இல்லை. பழைய பில்லைத் தேடி எடுத்தேன்; 'வார்லி, 12க்கு 18' என்று மட்டும் இருக்கிறது. மாவு போன்ற அந்த வெள்ளையில் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களை ஒருவர் எழுதியிருக்கிறார். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பின்னட்டை வெறுமையாக இருக்கிறது.

நீங்கள் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.